நாலாம் நம்பர் பாட்டில்: ராஜபாளையத்தில் நாங்கள் நடத்திய ஒயின் போட்டி

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய நண்பன் ரகுநாதன் இந்தக் கதையைச் சொன்னான். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து கை கழுவிவிட்டேன். அவன் சொன்னது பாதிக் கதை, சிரிக்கிற பாதி. மீதியை அவன் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். ஆகவே நான் எழுதுகிறேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வழியும் நேரமும் தூரமும் இதில் உண்டு. கோபமும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது 1993 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை. நாங்கள் நான்கு பேர் மதுரையில் ஒன்றாக பாலிடெக்னிக் படித்தவர்கள். நான் மதுரையிலேயே தங்கிவிட்டேன். ரகு துபாயில் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியன். மாரியப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். தனராஜ் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறையில் ஃபோர்மேன். போகக் காரணம் தனராஜின் கடிதம். ‘இந்த வருஷம் கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு ரசம் நம்ம வீட்டிலிருந்து. அவசியம் வாருங்கள். சரோஜா இரண்டு தடவை சொல்லிவிட்டாள்’ என்று எழுதியிருந்தான். சரோஜா அவன் மனைவி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தனராஜின் சபையில் திருவிருந்துக்கு, அதாவது பீடத்தருகே முழந்தாளிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற ஆராதனைக்கு, வேண்டிய திராட்சை ரசத்தைச் சபையார் வீட்டில் யாராவது ஒரு பெண்தான் போட்டுக் கொடுப்பார். கடையில் வாங்குவதில்லை. பல வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தவர் ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி. அவர்கள் மாற்றலாகிப் போனபோது, “அடுத்து சரோஜா போடட்டும்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். சரோஜா தெலுங்கு பேசுகிற இந்து வீட்டில் பிறந்து, தனராஜைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியவர். எட்டு வருடம் அந்தச் சபைக் கோயிலில் பெருக்கி, பூ வைத்து, பாட்டுப் படித்த பிறகும் சபைப் பெண்கள் அவரைப் ‘புதுசா வந்தவ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கையால் போட்ட ரசத்தை அவர்கள் எல்லோரும் முழந்தாளிட்டு வாங்கப் போகிற முதல் கிறிஸ்துமஸ் அது.

இதைப் போட்டியாக மாற்றியது ரகு. விடுமுறையில் வந்திருந்தவன் விமான நிலையக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டு ரெட் ஒயின் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தான். “சும்மா குடிச்சா என்னடா இருக்கு? எல்லாத்தையும் மூடி வச்சு, நம்பர் போட்டு, மார்க் போடணும். வெளிநாட்ல அப்படித்தான்” என்றான். நான் ஒரு கோவா போர்ட் ஒயினும், பெங்களூர்ப் பக்கத்தில் போட்ட ரெட் ஒயின் ஒன்றும் வாங்கினேன். அன்றைக்கு மதுரைக் கடைகளில் ரெட் ஒயின் என்று கேட்டாலே கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

காலை 6.15க்குப் பெரியார் பஸ் நிலையத்தில் ஏறினோம். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் 74 கிலோமீட்டர். டிக்கெட் பதினோரு ரூபாய். இரண்டு மணி நேரத்தில் போகவேண்டிய பஸ் கல்லுப்பட்டியில் டீக்கு நின்றதில் 8.35 ஆனது. வழி முழுக்க ரகு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ஒயினை எப்படிச் சுழற்ற வேண்டும், எப்படி மோந்து பார்க்க வேண்டும் என்று பாடம் எடுத்தான். ஒயர் இழுக்கப் போனவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு நாளில் நான் கேட்காமலும் சொல்லாமலும் விட்டவற்றில் அதுதான் முதலாவது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி பிறந்து மூன்றாம் நாள். ஆண்டாள் கோவில் வாசலில் கால் வைக்க இடமில்லை. மாரியப்பன் நெற்றியில் நாமத்தோடு பஸ் நிலையத்தில் காத்திருந்தான். திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று பிடிவாதம் பிடித்தான். வடக்கே இருக்கிற பெரிய திருவண்ணாமலை இல்லை, ஊருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் சின்னக் குன்றின் மேல் இருக்கிற பெருமாள் கோவில். ஆட்டோவில் போய், ஏறி இறங்கித் திரும்ப ஒன்றேகால் மணி நேரம். “இன்னைக்குக் குடிக்கப் போறோம்லா, அதான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுட்டேன்” என்றான். இவன் எப்போதும் இப்படித்தான். எந்தப் பக்கம் போனாலும் அடி விழாதபடி நின்றுகொள்வான். வரும் வழியில் அரைக் கிலோ பால்கோவா வாங்கி, பஸ்ஸிலேயே கால்வாசியைத் தின்று முடித்தான்.

அங்கிருந்து ராஜபாளையம் 12 கிலோமீட்டர். பழைய பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி 10.50. தனராஜ் சைக்கிளோடு நின்றான். வீடு பத்து நிமிட நடை. தெரு நெடுகத் துவைத்த பேண்டேஜ் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தத் துணி இருக்கும். மீந்த துண்டுகளைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து காப்பி வடிகட்ட, இட்லித் தட்டில் போட, ஊறுகாய் ஜாடி வாயைக் கட்ட என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வார்கள்.

சரோஜா மொட்டை மாடியில் படுதா கட்டி நிழல் போட்டு வைத்திருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை பச்சென்று தெரிந்தது. நாங்கள் கொண்டுபோன மூன்று பாட்டில்களையும் அவரே வாங்கிக் கீழே கொண்டுபோனார். அவற்றோடு தன் ரசம் இரண்டு பாட்டில். ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, நம்பர் எழுதி மேலே கொண்டுவந்து வைத்தார். எந்த நம்பரில் எது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“நம்ம ரசம் எதுக்கு ரெண்டு பாட்டிலு?” என்று தனராஜ் கேட்டான்.

“ஒண்ணு வீட்டுக்குப் போட்டது, ஒண்ணு கோயிலுக்குப் போட்டது. ரெண்டையும் அண்ணமாரு பாக்கட்டும்” என்றார் சரோஜா. சொல்லிவிட்டு மாடிப்படியிலேயே நின்றார், கீழே போகவில்லை.

11.20க்கு ஆரம்பித்தோம். கண்ணாடிக் கிளாஸ் இல்லாததால் எவர்சில்வர் டம்ளர். ஒரு பாட்டிலுக்குப் பத்து மார்க், ஆளுக்கொரு சீட்டு. வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்றான் ரகு. யாரும் துப்பவில்லை, அவன் உட்பட. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரொட்டி சாப்பிட வேண்டுமாம். ரொட்டி இல்லை, சாத்தூர் காராச்சேவுதான் இருந்தது. மாரியப்பன் பால்கோவாவைத் தொட்டுக்கொண்டான். அவன் நாக்குக்கு அதற்கு மேல் எது தெரிந்திருக்கும்?

ஒன்றாம் நம்பர் இருமல் மருந்து மாதிரி இனிப்பு. ஆளுக்கு ஆறு போட்டோம். இரண்டாம் நம்பர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பன்னீர் திராட்சையின் வாசனை, லேசாகக் கிராம்பு, தொண்டையில் ஒரு சூடு. இன்னொரு வாய் கேட்டு வாங்கினேன். “நல்லாருக்கு, ஆனா இது வீட்டுச் சரக்குடா, கிராம்பு தெரியுது பாரு” என்றான் ரகு. உடனே எல்லோரும் ஐந்துக்கு இறங்கினோம். மூன்றாம் நம்பர் ஒரே புளிப்பும் துவர்ப்பும். “கெட்டுப் போச்சு, சந்தேகமே இல்ல” என்று ரகு இரண்டு மார்க் போட்டான். மாரியப்பனும் இரண்டு.

நாலாம் நம்பரை டம்ளரில் ஊற்றியபோதே எனக்கு மூக்கில் அடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் என் அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். அந்த வார்டின் வாசனை அப்படியே இருந்தது. தரை துடைக்கிற மருந்து, கட்டுப் பிரிக்கிற மேஜை, அதெல்லாம் சேர்ந்த வாசனை. ஒரு வாய் குடித்ததும் திராட்சை முன்னால் வந்தது, பின்னாலேயே அந்த நெடி நாக்கில் ஒட்டிக்கொண்டது. சீட்டில் மூன்று என்று எழுதினேன்.

ரகு டம்ளரைச் சுழற்றினான். மோந்தான். கண்ணை மூடினான். “டேய், இதுதான்டா” என்றான். “இந்த வாசனை நம்ம ஊர்ல வருமா? ஓக் மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா ஊற வைப்பான். பழகாதவனுக்கு மருந்து மாதிரி இருக்கும். பழகினவனுக்குத்தான் அருமை தெரியும்.”

“எனக்கும் மொதல்லயே தோணுச்சு” என்றான் மாரியப்பன், வாயில் பால்கோவாவோடு.

தனராஜ் டம்ளரை மூக்கருகில் கொண்டுபோய்விட்டுச் சிரித்தான். “எனக்கு வாசனையே தெரியாது மாப்ள. பதினோரு வருஷம் பிளீச்சிங் தொட்டிகிட்ட நின்னு மூக்கு செத்துப் போச்சு. நீங்க சொன்னாச் சரி.”

நான் என்ன செய்தேன்? மூன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். பழகாதவன் என்று சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை. ஐந்தாம் நம்பரைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை.

12.40க்கு சரோஜா காகிதத்தைப் பிரித்தார். ஒன்று கோவா. இரண்டு, சரோஜா வீட்டுக்குப் போட்டது. மூன்றாவதைப் பிரித்ததும் ரகுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கெட்டுப் போனது என்று அவன் இரண்டு மார்க் போட்டது அவனே கடல் தாண்டித் தூக்கி வந்த பாட்டில். நாலாவது, சரோஜா கோயிலுக்குப் போட்டது. நான்கு சீட்டிலும் முதலிடம் அதற்குத்தான். ஐந்து பெங்களூர்ச் சரக்கு.

ரகு மானம் போகாமல் தப்பிக்கிற வழியை அரை நிமிடத்தில் கண்டுபிடித்தான். எழுந்து நின்று கை தட்டினான். “தங்கச்சி வெளிநாட்டுக்காரனையே தோக்கடிச்சிருச்சுடா!” மாரியப்பனும் தட்டினான். தனராஜ் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. கல்யாணப் பந்தியில் ரகு சொன்ன கதை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

சரோஜா சிரிக்கவில்லை. நாலாம் நம்பர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “நெசமாத்தான் சொல்லுதீயளா அண்ணே? வாடை எதுவும் வரலியா?”

“வாடையா? வாசனைம்மா அது!” என்றான் ரகு. அவனுக்கு அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும். ஓக் பீப்பாய் ராஜபாளையத்துச் சமையலறையில் எங்கிருந்து வரும்? அதைக்கூட யோசிக்காமல் கை தட்டிக்கொண்டிருந்தான்.

சரோஜா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. ரெண்டும் நெறைய இருக்கு. எதக் கோயிலுக்குக் குடுக்கட்டும்?”

இதற்கு மேல் ஒருத்தர் எப்படிக் கேட்பார்? சீட்டில் அடித்த மூன்று என் சட்டைப் பையில் இருந்தது. தனராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “நாலாம் நம்பரையே குடும்மா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கீழே போனார். கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். 3.30 பஸ்ஸுக்கு வழியனுப்ப சரோஜாவும் பஸ் நிலையம் வரை வந்தார். அப்படி அவர் வந்ததே இல்லை. அதையும் நான் கவனிக்காமல் ஜன்னல் சீட்டுக்கு ஓடினேன்.

போகிறவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், இதற்குப் பிறகு எனக்கு அந்தப் பொறுமை இருக்காது. மதுரையிலிருந்து அதிகாலை பஸ்தான் நல்லது, பத்து மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. அன்று மீட்டர் கேஜில் ஒரு பாசஞ்சர் ரயில் ஓடியது, பொழுது போகாதவர்களுக்கு அது. மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் தங்க இடத்தை முதலிலேயே சொல்லி வையுங்கள். திருவண்ணாமலைக் குன்றில் குரங்குகள் பால்கோவா டப்பாவைப் பிடுங்கும். மாரியப்பனிடம் அன்றைக்கு ஏன் பிடுங்கவில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்தான். ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவில் அருவிக்குப் போகிறவர்கள் மலையில் மழையா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒயின் ருசி பார்க்கப் போகிறவர்கள் இனிப்பைத் தொடாதீர்கள். யாராவது ஒருவன் வாயைத் திறந்து பேசுவதற்கு முன்னால் எல்லோரும் மார்க்கை எழுதி மடித்து வைத்துவிடுங்கள். வீட்டில் ஒயின் போடுவதைச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள், நாங்கள் விசாரிக்கவில்லை.

புது வருடம் பிறந்து தனராஜிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ‘திருவிருந்து முடிந்தது. வேறு விசேஷம் இல்லை’ என்று மட்டும் இருந்தது. பக்கம் பக்கமாக எழுதுகிறவன் அவன்.  பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அதே 6.15 பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கவில்லை. 8.50க்கு ராஜபாளையம்.

தனராஜ் கோயிலுக்குப் போயிருந்தான். சரோஜா வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே எனக்குப் போதுமான சேதி. காப்பி கொடுத்தார். கேட்காமலேயே சொன்னார்.

“முத வரிசையில முட்டி போட்ட அம்மா கிண்ணத்த வாயில வச்சதும் மூஞ்சியத் திருப்பிட்டாக. அடுத்தவுக இருமுனாக. வரிசை போகப் போக எல்லாரும் ஒதட்ட மட்டும் நனைச்சுக்கிட்டு எந்திரிக்காக. ‘பினாயிலக் கலந்துட்டாளா’ன்னு எம் பின்னால நின்னே கேக்காக. மிச்சத்தக் கீழ ஊத்தக் கூடாதுல்லா? புது ஐயரு அம்புட்டையும் அவரே குடிச்சாரு, ஒரு வார்த்தை பேசாம. அதத்தான்ணே என்னால தாங்க முடியல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற வீட்டு ரசம் வந்துச்சு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. ‘புதுசா வந்தவட்ட குடுத்தா இப்படித்தான்’னு அவியளுக்குள்ள பேசிக்கிட்டாக.”

நெடி எப்படி வந்தது என்பதையும் அவரே சொன்னார். வீட்டுக்கு வழக்கம்போல் பழைய வேட்டியில் வடிகட்டியிருக்கிறார். பீடத்துக்குப் போகிற ரசத்தை உடுத்திய துணியில் வடிக்க அவருக்கு மனசு வரவில்லை. தனராஜிடம் கேட்டு, வெளுத்த கையோடு, பிளீச்சிங் மருந்து முழுசாகப் போவதற்கு முன்பே, பட்டறையிலிருந்து புதுப் பேண்டேஜ் துணி வாங்கியிருக்கிறார். “வீட்டுச் சட்டியில போட்டு அவிச்சா கவுச்சி பட்ருமேன்னு அவிக்காம அப்படியே வடிச்சேன். சாமி காரியமுல்லா. பொறவு மோந்து பாத்தா வாடை வார மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. எங்க வீட்டு அவுகளுக்கு மூக்கு இல்ல. சபைப் பொம்பளைகள்ட்டக் கேட்டா ஊர் பூரா ஆயிரும்.”

நான் ஐயரைப் பார்த்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சீட்டைக்கூடக் காட்டுகிறேன் என்றேன். ரகுவைத் திட்டினேன், மாரியப்பனைத் திட்டினேன், சத்தமாகவே திட்டினேன். அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

“அவுகள விடுங்க. நீங்க சொல்லிருவீயன்னு பஸ்ஸு ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன்” என்றார். “இப்பச் சொல்லுங்க. நாலாம் நம்பரு எப்படி இருந்துச்சு?”

“ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சும்மா.”

சரோஜா என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“இம்புட்டுதான்ணே. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்னைக்கு ஒங்கள வரச் சொல்லி அவுகள எழுதச் சொன்னேன்.”